தடித்த ஆக்சில் போட்டால் வண்டி பலமாகுமா?



சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு ஆக்சில் என்னும் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கு நாமக்கல் பெயர் பெற்றது. சங்ககிரி, லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. சாலையோரத்தில் கிரவுன் சக்கரத்தையும் பினியனையும் கோணிப்பையின் மேல் கழற்றி வைத்துத் துடைக்கும் காட்சி இங்குள்ள சிறுவர்களுக்கும் புதிதன்று.

இந்தப் பட்டறைகளுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய வேலை வந்து சேர்ந்திருக்கிறது. நாற்சக்கர இயக்கமுள்ள ஜீப்புகளைக் கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கேற்ப ‘பலப்படுத்தும்’ வேலை அது. மலைத் தோட்டத்திலிருந்து மிளகையும் பலாவையும் இறக்குகிறவர்களும் இதற்காக வருகிறார்கள். ஆற்று மணலிலும் பாறைச் சரிவிலும் வண்டி ஓட்டுவதை விளையாட்டாகக் கொண்டவர்களும் வருகிறார்கள். பெரிய டயர், தடித்த ஆக்சில், பூட்டிய டிபரன்ஷியல் ஆகிய மூன்றும் அவர்கள் கேட்பவை. இவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போது மூன்று வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும்.

“ஒரு சக்கரம் சேத்துல சுத்துச்சுன்னா எல்லாப் பவரும் அதுக்கே போயிருதுங்க.”

“டிபரன்ஷியல்ல வெல்டு வெச்சுட்டா எங்க வேணும்னாலும் ஏறீருமுங்க.”

“தடியா ஆக்சில் போட்டுட்டா ஒடையவே ஒடையாதுங்க.”

இம்மூன்று வாக்கியங்களையும் இயற்பியலின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவை முழுப் பொய்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் இறங்கும் வண்டிக்குப் பாதி உண்மை போதாது என்பதால்தான் இந்த விமர்சனம் தேவைப்படுகிறது.

நுகத்தடியும் டிபரன்ஷியலும்

முதலில் டிபரன்ஷியல் எதற்காகப் பிறந்தது என்று பார்ப்போம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகத் தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்தே தீரும். பிரான்சு நாட்டில் கடிகாரத் தொழில் செய்து வந்த ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர், நீராவி வண்டிக்காக 1827இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். இரு சக்கரங்களுக்கும் தனித்தனித் தண்டுகள். நடுவே இரண்டையும் இணைக்கும் சிறு பற்சக்கரங்கள். இச்சிறு சக்கரங்களைச் சுமந்து சுழலும் கூடு. இன்றைய லாரியிலும் ஜீப்பிலும் உள்ள அமைப்பின் கரு இதுதான்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இரண்டு மாடுகள் பூட்டிய ஏரை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியின் நடுவில் ஏர்க்கால் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு தளர்ந்து திரும்பக்கூடியதாக இருந்தால், இரு மாடுகளும் சமமான விசையோடு இழுக்கும்வரை நுகம் நேராக நிற்கும். ஒரு மாடு சோர்ந்தால் நுகம் கோணிக்கொள்ளும். அப்போது மற்ற மாட்டின் முழு பலமும் ஏருக்குப் போய்ச் சேராது. சோர்ந்த மாடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் மற்றதன் இழுப்பும் பயன்படும். நடுவில் தாங்கிய நெம்புகோலின் இரு முனைகளிலும் விசைகள் சமம் என்பதே இதன் அடிப்படை.

டிபரன்ஷியலின் சிறு பற்சக்கரம் அப்படிப்பட்ட ஒரு நுகத்தடிதான். அதன் நடுவைக் கூடு தள்ளுகிறது. இரு ஓரங்களும் இரு தண்டுகளின் பற்களைத் தள்ளுகின்றன. ஆகவே இரு தண்டுகளுக்கும் கிடைக்கும் முறுக்குவிசை (பள்ளிப் பாடநூலில் இதைத் திருப்புவிசை என்று படித்திருப்பீர்கள்) எப்போதும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். சக்கரங்களின் வேகங்கள் மாறலாம், முறுக்குவிசை மாறுவதில்லை.

இப்போது முதல் வாக்கியத்துக்கு வருவோம். சேற்றில் ஒரு சக்கரம் வெறுமனே சுழல்கிறது. மற்றது கெட்டித் தரையில் அசையாமல் நிற்கிறது. ‘எல்லாம் சுழலும் சக்கரத்துக்கே போய்விட்டது’ என்றால் எது போயிற்று? திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. நிற்கும் சக்கரத்தின் வேகம் சுழி. எனவே அதற்குச் சேரும் திறனும் சுழி. அந்த அளவில் வாக்கியம் சரிதான். ஆனால் வண்டியை நகர்த்துவது முறுக்குவிசை. அது இரு பக்கமும் சமமாகவே இருக்கிறது; இரு பக்கமும் சமமாகக் குறைந்துவிட்டது என்பதுதான் சிக்கல்.

ஒரு கணக்குப் போடுவோம். சுமையோடு 1,400 கிலோ எடையுள்ள ஜீப்பில் பின் ஆக்சில்மேல் 800 கிலோ இருப்பதாகக் கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 400 கிலோ, அதாவது 3,920 நியூட்டன். டயரின் ஆரம் 36 செ.மீ. சேற்றின் உராய்வுக் குணகம் 0.1 என்றால், சேற்றுச் சக்கரம் தாங்கக்கூடிய முறுக்குவிசை 3,920 × 0.1 × 0.36 = ஏறத்தாழ 140 நியூட்டன் மீட்டர். கெட்டித் தரையில் உள்ள சக்கரத்துக்கும் அதே 140தான் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து தரும் இழுவிசை சுமார் 780 நியூட்டன். சேற்றுப் பாதையில் உருளுவதற்கு வண்டி எடையின் பத்தில் ஒரு பங்கு விசை தேவை என்று வைத்தால் 1,370 நியூட்டன் வேண்டும். வண்டி நகராது. என்ஜின் இருமடங்கு பெரிதானாலும் நகராது.

‘பவர் அங்கே போய்விட்டது’ என்று நினைக்கிறவர் பெரிய என்ஜினைத் தேடுவார். ‘முறுக்குவிசை இரு பக்கமும் குறைந்துவிட்டது’ என்று அறிந்தவர், சுழலும் சக்கரத்துக்கு ஏதாவது தடை கொடுத்தால் மற்றதற்கும் அதே அளவு முறுக்குவிசை கூடும் என்று உடனே காண்பார். நம் உழவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். டிராக்டரில் இரு பின்சக்கரங்களுக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. சேற்றில் வழுக்கும் சக்கரத்தின் பிரேக்கை மெதுவாக மிதித்தால் மற்றச் சக்கரம் இழுக்கத் தொடங்கும். இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் மின்னணுக் கருவி செய்வதும் இதே வேலைதான்.

இதைக் கேள்விப்பட்டு, ‘ஜீப்பிலும் கைப்பிரேக்கைப் பாதி இழுத்தால் போதும்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறம், நீள்தண்டின்மீது இருக்கிறது. அதை இழுத்தால் டிபரன்ஷியலுக்கு வந்து சேரும் முறுக்குவிசைதான் குறையும். இரு சக்கரங்களுக்கிடையே எந்த வேறுபாடும் ஏற்படாது. ஒரு வண்டியில் பலித்த வைத்தியம் இன்னொரு வண்டியில் பலிக்காமல் போவதற்கு இது நல்ல உதாரணம்.

பூட்டினால் கிடைப்பதும் இழப்பதும்

இரண்டாவது வாக்கியம் டிபரன்ஷியலைப் பூட்டுவது பற்றியது. பூட்டிவிட்டால் நுகத்தடி ஏர்க்காலோடு இறுகக் கட்டப்பட்டதுபோல் ஆகிறது. இனி அது கோணாது. மேற்சொன்ன கணக்கில், சேற்றுச் சக்கரம் 140 நியூட்டன் மீட்டரே தாங்கும். ஆனால் கெட்டித் தரையிலுள்ள சக்கரம், உராய்வுக் குணகம் 0.8 என்றால், 3,920 × 0.8 × 0.36 = ஏறத்தாழ 1,130 வரை வாங்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து 1,270. இழுவிசை 780 நியூட்டனிலிருந்து 3,500 நியூட்டனுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. வண்டி சேற்றிலிருந்து வெளியேறும். பூட்டின் பயன் உண்மையானது. அதை மறுக்க முடியாது.

ஆனால் பிறகு அதே வண்டி தார்ச்சாலைக்கு வருகிறதே, அப்போது என்ன ஆகும்?

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு வளைவையும் அரைவட்டமாகக் கொண்டு ஒரு கணக்குச் செய்வோம். உட்சக்கரம் செல்லும் அரைவட்டத்தின் ஆரத்தைவிட வெளிச் சக்கரத்தின் ஆரம், இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலத்தின் அளவு அதிகம். எனவே தூர வேறுபாடு = 3.14 × அகலம். இதில் வளைவின் ஆரம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் வேறுபாடு ஒன்றே. வில்லிஸ் ஜீப்பின் சக்கர அகலம் 49 அங்குலம், அதாவது 1.24 மீட்டர். ஒரு வளைவுக்கு 3.9 மீட்டர் வேறுபாடு. 70 வளைவுகளுக்கு 273 மீட்டர்!

டிபரன்ஷியல் திறந்திருந்தால் இந்த 273 மீட்டரைச் சிறு பற்சக்கரங்கள் எண்ணெயில் மிதந்தபடி ஓசையின்றிச் சமாளித்துவிடும். வெல்டு வைத்து ஒட்டியிருந்தால், ஒருமுறை மலையேறுவதற்குள் டயர்கள் 273 மீட்டர் தூரம் தரையில் இழுபட்டாக வேண்டும். டயர் தேய்வதோடு இது நிற்பதில்லை. இறுகிய வளைவில் டயரை வழுக்கச் செய்ய அதன் பிடிப்பின் எல்லை வரை விசை வேண்டும். அந்த விசை ஆக்சில் தண்டுகளின் வழியாகத்தான் வருகிறது. அதாவது, சேற்றிலும் பாறையிலும் என்றோ ஒருநாள் வரக்கூடிய உச்ச முறுக்கம், காய்ந்த தார்ச்சாலையில் ஒவ்வொரு வளைவிலும் வருகிறது. அதுவும் ஒரு வளைவில் ஒரு பக்கமாகவும், அடுத்த எதிர் வளைவில் மறுபக்கமாகவும். இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிப்பது எல்லோரும் அறிந்த வித்தை. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். வெல்டு வைத்த வண்டியின் ஆக்சில் நாள்தோறும் அந்த வித்தைக்கு உட்படுகிறது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. பூட்டிய ஆக்சில் நேராகப் போகவே விரும்பும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பின் சக்கரங்கள் வண்டியை நேராகத் தள்ளும். சமவெளியில் இதனால் வயல் வரப்பில் ஏறலாம். மலையிலிருந்து இறங்கும்போது வளைவின் வெளிப்புறம் பள்ளத்தாக்கு. அந்த வண்டியில் மூட்டைகள் மட்டும் இருப்பதில்லை. மூட்டைகளின்மேல் ஆட்களும் இருக்கிறார்கள்.

பூட்டு வேண்டாம் என்பது என் வாதமன்று. திறக்கக்கூடிய பூட்டு வேண்டும் என்பதே வாதம். டிராக்டரில் ஓட்டுநரின் குதிகாலுக்கு அருகே ஒரு சிறு மிதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை மிதித்தால் டிபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும். திரும்புமுன் விட்டுவிட வேண்டும் என்பது டிராக்டர் ஓட்டும் ஒவ்வொருவரும் கற்ற பாடம். ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் முன்னும் பின்னும் இத்தகைய பூட்டுகள் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. ஓட்டுநர் வேண்டும்போது பூட்டலாம், திறக்கலாம். 2020இல் வெளிவந்த மகிந்திரா தாரின் சில வகைகளில், பின்சக்கரங்களின் வேக வேறுபாடு ஓர் அளவை மிஞ்சினால் தானே பூட்டிக்கொண்டு, வண்டி வேகமெடுத்ததும் விடுவித்துக்கொள்ளும் பூட்டு இருக்கிறது. வெல்டு வைத்து ஒட்டுவதென்பது கதவுக்குப் பூட்டுப் போடுவதற்குப் பதில் சுவர் எழுப்புவது போன்றது.

சாலையில் நாற்சக்கர இயக்கத்தைப் போட்டபடியே ஓட்டுவதற்கும் இந்தக் கண்டனம் பொருந்தும். பழைய வகை ஜீப்புகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழியே செல்வதால், கெட்டிச் சாலையில் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். நாற்சக்கர இயக்கம் மண்ணுக்கும் சேற்றுக்கும் உரியது.

தடிப்பின் கணக்கு

மூன்றாவது வாக்கியம்தான் மிகவும் நம்பப்படுவது. தடித்த தண்டு உடையாது என்பதில் என்ன தவறு?

இளநிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் மாணவர்கள் முறுக்கு ஊசல் சோதனை செய்திருப்பார்கள். கம்பியில் ஒரு வட்டைத் தொங்கவிட்டு, அலைவு நேரத்தை அளந்து, உலோகத்தின் விறைப்புக் குணகத்தைக் காண்பது அது. கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் பலமுறை அளக்கச் சொல்வோம். ஏனெனில் சூத்திரத்தில் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது. ஆக்சில் தண்டும் ஒரு தடித்த முறுக்குக் கம்பியே. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கிலும், உடையாமல் தாங்கும் முறுக்குவிசை விட்டத்தின் மூன்றாம் அடுக்கிலும் உயரும். தடிப்பைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். 30 மில்லிமீட்டர் தண்டை 33 ஆக்கினால் போதும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பட்டறையின் நம்பிக்கைக்கு இயற்பியல் இவ்வளவு தூரம் துணை நிற்கிறது.

ஆனால் தண்டின்மீது வரும் சுமை மாறாமல் இருந்தால்தான் இந்தப் பலம் மிச்சமாகும். தண்டில் வரக்கூடிய உச்ச முறுக்குவிசையைத் தீர்மானிப்பது எது? என்ஜின் என்று சொல்லத் தோன்றும். 1941 முதல் 1945 வரை வந்த வில்லிஸ் ராணுவ ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் என்ஜின் தரும் உச்ச முறுக்குவிசை 142 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது 2.665 மடங்கு, டிரான்ஸ்ஃபர் பெட்டியின் தாழ்நிலையில் 1.97 மடங்கு, கிரவுன், பினியனில் 4.88 மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கினால் 3,600 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது. முன்பு கண்டபடி, காய்ந்த தரையில் ஒரு சக்கரம் 1,130க்கு மேல் வாங்கிக்கொள்ளாது, அதற்குமேல் வழுக்கிவிடும். மின்சாரம் மிகுந்தால் ஃபியூஸ் கம்பி உருகி வீட்டைக் காப்பதுபோல, டயரின் வழுக்கல் ஆக்சிலைக் காக்கிறது. தண்டின் உச்சச் சுமை = சக்கரத்தின்மேல் உள்ள எடை × உராய்வுக் குணகம் × டயரின் ஆரம்.

இப்போது ‘பலப்படுத்தும்’ வேலையைத் தொடங்குவோம். முதலில் டிபரன்ஷியலைப் பூட்டுகிறோம். பாறை மேட்டில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் 800 கிலோவும் மறு சக்கரத்தின்மேல் வந்துவிடும். பூட்டு இருப்பதால் முழு முறுக்குவிசையும் அதற்கே போகும். உச்சச் சுமை 2,260 ஆகிறது. அடுத்து 36 செ.மீ. ஆரமுள்ள டயருக்குப் பதில் 42 செ.மீ. ஆரமுள்ள டயரை மாட்டுகிறோம். சுமை ஏறத்தாழ 2,630. தொடக்கத்தில் இருந்த 1,130ஐப் போல் 2.3 மடங்கு! இதை ஈடுகட்டத் தண்டின் விட்டம் மூன்றில் ஒரு பங்கு பெருக வேண்டும். 30 மில்லிமீட்டர் தண்டு 40 ஆக வேண்டும். 33 மில்லிமீட்டர் போட்டு ‘பலப்படுத்திவிட்டோம்’ என்று மகிழ்கிறவர் உண்மையில் முன்பிருந்ததைவிடப் பலவீனமான வண்டியை ஓட்டிச் செல்கிறார். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, வீட்டுக் கம்பிகளை அப்படியே விட்டுவிட்ட கதைதான்.

சரி, 40 மில்லிமீட்டரே போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். தண்டு பிழைத்துவிடும். அடுத்து எது உடையும்? பினியனின் பல், முன் ஆக்சிலாக இருந்தால் திரும்பிய நிலையில் உள்ள மூட்டு, அல்லது ஹவுசிங். தண்டு உடைந்தால் புதுத் தண்டு மாட்டலாம். பினியன் பல் உடைந்தால் அந்தத் துணுக்கு உள்ளே சுழன்று கிரவுனையும் அரைக்கும். சக்கரங்கள் இறுகி நின்றுவிடவும் கூடும். எது உடைய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்வதுதான் பொறியியல். எதுவுமே உடையாது என்று எண்ணிக்கொள்வது வெறும் ஆசை.

பெரிய டயரால் குறைந்த இழுவையை மீட்க, கிரவுன் பினியனையும் மாற்றுவார்கள். 4.88 என்னும் விகிதம் 39 பல், 8 பல் சக்கரங்களால் வருவது, 5.38 என்பது 43 பல்லும் 8 பல்லும். அதே வட்டத்தில் 39 பற்களுக்குப் பதில் 43 வெட்டினால் ஒவ்வொரு பல்லும் மெலியும். மேலும் நமது எடுத்துக்காட்டில் பழைய இழுவையை முழுதும் மீட்க 5.69 வேண்டும், 5.38 போதாது. பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன்னால் பழையதை விட்டுவிட்டால், நாற்சக்கர இயக்கத்தில் இரண்டு ஆக்சில்களும் எப்போதும் சண்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

அன்றைய வடிவமைப்பாளர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். வில்லிஸ் ஜீப்பில் முன் ஆக்சிலை இணைக்காமல் டிரான்ஸ்ஃபர் பெட்டியைத் தாழ்நிலையில் போட முடியாது. உள்ளே ஒரு தடுப்பு இருக்கிறது. தாழ்நிலையின் பெருத்த முறுக்குவிசை முழுவதும் பின் ஆக்சில் ஒன்றின்மீதே விழாமல் இது காக்கிறது. ‘வசதிக்காக’ அந்தத் தடுப்பை நீக்குகிறவர்கள், தங்கள் ஆக்சிலுக்கு இருந்த காவலாளியை வேலையை விட்டு நீக்குகிறார்கள்.

லாரி கற்பிக்கும் பாடம்

உண்மையிலேயே ஆக்சிலைப் பலப்படுத்த விரும்புகிறவர்களுக்கு நல்ல பாடம் நம் ஊர் லாரியிலேயே இருக்கிறது. சுமையோடு நிற்கும் லாரியின் பின்சக்கர நடுவில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி வைக்காமலேயே ஆக்சில் தண்டை வெளியே உருவி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? லாரி கீழே சாய்வதில்லை. ஏனென்றால் எடையைத் தாங்குவது ஹவுசிங்கும் அதன்மேல் உள்ள பேரிங்குகளும்தான். தண்டுக்கு முறுக்குவிசையைக் கடத்தும் ஒரே வேலைதான். இதை முழு மிதவை ஆக்சில் என்பர்.

வில்லிஸ் ராணுவ ஜீப்பின் பின் ஆக்சிலும் இவ்வகையே. ஆனால் போருக்குப் பின் பொதுமக்களுக்கென வந்த ஜீப்புகள் பலவற்றில் பின் ஆக்சில் அரை மிதவையாக மாறியது. அதில் தண்டு முறுக்குவிசையையும் கடத்த வேண்டும், வண்டியின் எடையையும் சுமக்க வேண்டும். சுமையால் வளைந்தபடியே சுழலும் தண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நிமிர்ந்து மடங்குகிறது. அது உடைந்தால் சக்கரமே கழன்றுவிடலாம். முழு மிதவையில் தண்டு உடைந்தாலும் சக்கரம் இடத்தை விட்டு அகலாது. வண்டியை ஓரங்கட்டி இறங்கலாம்.

ஆகவே மலையில் சுமையேற்றும் வண்டிக்கு முதல் கேள்வி, ‘தண்டு எவ்வளவு தடி?’ என்பதாக இருக்கக்கூடாது. ‘உடைந்தால் என்ன ஆகும்?’ என்பதாக இருக்க வேண்டும். அடுத்து உருக்கின் வகையைக் கேட்க வேண்டும். ஆக்சில் தண்டின் பலம் அதன் மேற்பரப்பைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்துவதில் இருக்கிறது. அதன்மீது வெல்டு வைத்தால் அந்தப் பதம் கெடும். கடைசலில் ஒரு கூர்மையான பள்ளம் விழுந்தாலும் தகைவு அங்கே குவிந்து விரிசல் தொடங்கும். பாதிப்படைந்த 40 மில்லிமீட்டர் தண்டைவிடப் பழுதில்லாத 30 மில்லிமீட்டர் தண்டு மேலானதாக இருக்கக்கூடும்.

ஆக்சிலோடு முடிவதில்லை. 42 செ.மீ. டயரை மாட்டினால் அதே பிரேக், தரையில் ஏழில் ஒரு பங்கு குறைந்த தடைவிசையையே தரும். ஸ்பீடாமீட்டர் 40 என்று காட்டும்போது வண்டி 46 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஏறுவதற்காகச் செய்த மாற்றம் இறங்கும்போது வட்டியும் முதலுமாகக் கணக்குக் கேட்கிறது. சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இது வீண் கெடுபிடி என்று குறைப்படுகிறவர்கள், மேலே கண்ட பெருக்கல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

குறை யாருடையது?

பட்டறைத் தொழிலாளர்களைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஒலியைக் கேட்டே எந்தப் பேரிங் போயிற்று என்று சொல்லும் கூர்மை அவர்களுக்கு உண்டு. அதைக் கற்பிக்கும் பாடநூல் எங்களிடம் இல்லை. என் விமர்சனம் பெரும்பகுதி எங்கள் பக்கம்தான் திரும்புகிறது. முறுக்கு ஊசலை ஆண்டுதோறும் ஆய்வகத்தில் ஆட்டுகிறோம். அந்தச் சூத்திரம் கல்லூரி வாசலில் நிற்கும் லாரியின் ஆக்சிலுக்கும் உரியது என்று சொல்வதில்லை. டிபரன்ஷியலின் படத்தைப் பாகம் குறித்து வரையச் சொல்கிறோம். இரு தண்டுகளின் முறுக்குவிசையும் ஏன் சமம் என்று கேட்பதில்லை. விற்பனை விளம்பரங்கள் அந்த வெற்றிடத்தில் நுழைந்து, ‘அசுர பலம்’, ‘உடையாத ஆக்சில்’ என்று எழுதுகின்றன. எத்தனை நியூட்டன் மீட்டர் என்று கேட்க நாம் யாருக்கும் கற்றுத் தரவில்லை.

மாணவ நண்பர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பட்டறையில் இரு பின்சக்கரங்களும் உயர்த்தி உறுதியாகத் தாங்கப்பட்டு, என்ஜின் நிறுத்தப்பட்டுள்ள வண்டி கிடைத்தால், தொழிலாளர் ஒருவரின் மேற்பார்வையில் கியரில் போட்டுவிட்டு, ஒரு சக்கரத்தை முன்னோக்கிக் கையால் சுற்றுங்கள். மற்றது பின்னோக்கிச் சுழலும். கூடு நிற்கும்போது இரு சக்கரங்களின் வேகங்களின் கூடுதல் சுழி என்பதற்கு இதுவே நிரூபணம். வெல்டு வைத்த வண்டியில் சக்கரம் அசையவே அசையாது. பிறகு அந்த வண்டியின் டயர் ஆரத்தையும், பின் ஆக்சில் எடையையும், சக்கர அகலத்தையும் குறித்துக்கொண்டு, தண்டின் உச்சச் சுமையையும் 70 வளைவுகளில் வரும் வேறுபாட்டையும் கணக்கிடுங்கள். அந்தத் தாளைப் பட்டறைக்காரரிடம் காட்டி அவர் என்ன சொல்கிறார் என்றும் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது பல உங்கள் தாளில் இல்லாமல் இருக்கலாம். உங்கள் தாளில் உள்ளது ஒன்று அவருக்குப் பயன்படலாம். அடுத்தமுறை ஒருவர் தம் ஜீப்பைக் கொண்டுவந்து, “தடியா ஒரு ஆக்சில் போட்டுருங்க” என்று கேட்கும்போது, “எந்த டயருக்குங்க? உள்ளே பூட்டு இருக்குதுங்களா? எத்தனை சுமை ஏத்துவீங்க?” என்று அவர் திருப்பிக் கேட்டால், அந்த வண்டியில் ஏறப்போகும் அத்தனை பேருக்கும் அது நன்மை.